ஸ்டென்ட் வைத்த பிறகு யாரும் கேட்காத கேள்வி

சித்தப்பாவின் மாத்திரைகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில்தான் இருக்கும். தங்கச்சிமடம் வீட்டில், மாதா படத்துக்குக் கீழே உள்ள அலமாரியில். மாரடைப்பு வந்து, மதுரையில் ஸ்டென்ட் (அடைத்த இதயக் குழாயை விரித்து வைக்கிற சின்ன வலைக்குழாய்) வைத்துக்கொண்டு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்த சமயம், தூசி தட்டுவதற்காகச் சித்தி அந்த டப்பாவை எடுத்திருக்கிறார். கனமாக இருந்திருக்கிறது. திறந்து பார்த்தால், இரண்டு மாதத்து மாத்திரைப் பட்டைகள் ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையும் அதில் அடக்கம்.

"ஏங்க, இதெல்லாம் போடவே இல்லையா?"

"போட்டு என்ன ஆகப்போகுது."

ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் அந்த மாத்திரையை நிறுத்தினால், வைத்த ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி மாரடைப்பு வரலாம். இதை டாக்டர்கள் சொல்லாமல் அனுப்பவில்லை. பீடியை விடணும், உப்பைக் குறைக்கணும், கருவாடு பக்கம் போகக்கூடாது, தினமும் நடக்கணும் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்திருந்தார்கள். அத்தனையும் சரி. ஆனால் போன செக்கப் எதிலும், "ராத்திரி தூக்கம் வருதா?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு வருடமாக வரவில்லை என்ற பதில் கிடைத்திருக்கும். படகு போனதிலிருந்தே அப்படித்தான். கச்சத்தீவு பக்கம் பிடிபட்டுப் போன படகு, அக்கரையில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. அதன் பேரில் வாங்கிய கடன் மட்டும் இக்கரையில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

மாரடைப்புக்கும் மனசுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அந்தச் செய்தியைக் கேட்டதும் நெஞ்சு வெடிச்சுப் போயிட்டாரு" என்பதைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம். மருத்துவம்தான் இதை அளந்து பார்க்கத் தயங்கியது. மன வேதனைக்கு ரத்தப் பரிசோதனை கிடையாதே. 2004ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு அந்தத் தயக்கத்தை ஓரளவு உடைத்தது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃப் தலைமையில், 52 நாடுகளில், முதல் மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், வராத ஏறக்குறைய அதே எண்ணிக்கையினரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, காய்கறி பழம் குறைவாகச் சாப்பிடுவது, உடலை அசைக்காதது என்று ஒன்பது விஷயங்களே உலகின் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதை விளக்கிவிடுகின்றன என்பது அதன் முடிவு. அந்த ஒன்பதில் மன நெருக்கடியும் ஒன்று. அதன் பங்கு மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று என்று கணக்கு வந்தது. புகையிலையின் பங்குக்குப் பக்கத்தில் நிற்கிற அளவு அது.

மன நெருக்கடியை அவர்கள் அளந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. பெரிய உளவியல் கேள்வித்தாள் எதுவும் கிடையாது. வேலையினாலோ வீட்டு நிலைமையினாலோ எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை இருந்ததா என்று கேட்டார்கள். பணக் கஷ்டம், சாவு, தொழில் நஷ்டம் பற்றிக் கேட்டார்கள். தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்று தோன்றுகிறதா என்பதும் கேட்டதில் ஒன்று. மாரடைப்பு வந்த பிறகு கேட்டதால், வந்தவர் தன் கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்ற குறை இந்த ஆய்வுக்கு உண்டு. இதே ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007ல் தனியாக வந்தது. மற்ற நாட்டுக்காரர்களுக்கு முதல் மாரடைப்பு 59 வயதை ஒட்டி வருகிறது என்றால் நமக்கு 53லேயே வந்துவிடுகிறது என்றது அது. சித்தப்பாவுக்கு 52.

தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்ற அந்தக் கேள்வியை ராமேஸ்வரம் ஜெட்டியில் நின்று கேட்டுப் பார்க்கலாம். விசைப்படகு கடலுக்குப் போவது வாரத்தில் மூன்று நாள், மிச்ச நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. டீசல் விலை ஒருவர் கையில், மீன் விலை இன்னொருவர் கையில், எல்லை தாண்டியதா இல்லையா என்பது ரோந்துக் கப்பலின் கையில். மீன்பாடு கடல் அன்னையின் கையில் என்பார்கள், அது ஒன்றுதான் இதில் மரியாதையான இடம். படகு இரவெல்லாம் கடலில் நிற்கும்போது கரையில் இருக்கிற பெண்கள் செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறார்கள். மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

அந்தப் பயம் உடம்புக்குள் என்ன செய்கிறது? மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பளவில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. அது உசுப்பினதும் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற சுரப்புகள் ரத்தத்தில் இறங்குகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரை கூடுகிறது, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தயாராகின்றன. காயம்பட்டால் ரத்தம் சீக்கிரம் உறையட்டும் என்பதற்கான ஏற்பாடு இது. படகு கவிழப்போகிற ஐந்து நிமிடத்துக்கு இது உயிரைக் காப்பாற்றும். ஆனால் வட்டிக்காரர் நாளைக்கு வருவார் என்ற நினைப்புக்கும் உடம்பு இதையேதான் செய்கிறது. வருடக்கணக்கில் தினமும் செய்தால், குழாயின் உள்சுவர் ரணமாகி, அங்கே கொழுப்பும் அழற்சி அணுக்களும் படிகின்றன. 2017ல் அமெரிக்காவின் பாஸ்டனில் 293 பேரின் மூளையையும் ரத்தக் குழாய்களையும் ஸ்கேன் செய்து சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அமிக்டலா அதிகம் வேலை செய்தவர்களுக்குக் குழாய்ச் சுவரில் அழற்சி அதிகம், பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதமும் அதிகம். எலும்பு மஜ்ஜை கூடுதலாக வெள்ளணுக்களை உற்பத்தி செய்வது இடையில் உள்ள கண்ணி என்பது அவர்கள் காட்டிய வழி.

ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்குத் திடீர் அதிர்ச்சி எப்படி வேலை செய்யும் என்பதற்கு 2006 உலகக் கோப்பைக் கால்பந்தைச் சொல்லலாம். ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதய அவசர நோயாளிகள் வழக்கத்தைவிட 2.7 மடங்கு வந்தார்கள். பந்து கோலுக்குள் போகுமா என்ற கவலைக்கே இந்தக் கதி.

அடைப்பே இல்லாமலும் இதயம் தடுமாறுவது உண்டு. துக்கச் செய்தி கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த சிலரை ஆஞ்சியோ செய்து பார்த்தால் குழாய் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனால் இதயத்தின் இடது கீழறை மட்டும் அடிப்பக்கம் பானைபோல் உப்பி, கழுத்து குறுகி நிற்கும். 1990ல் ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கு டகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். அங்கே பேய்க்கணவாய் பிடிக்கக் கடலுக்குள் இறக்குகிற பானைக்கு அதுதான் பெயர். மீன்பிடிக்கிற ஊர்க்காரர்கள் வைத்த பெயர் என்பதாலோ என்னவோ, நம் கரையில் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். அதற்காக அலட்சியமாக விடக்கூடியதும் இல்லை.

சரி, இதுவரை சொன்னது மனசு நேரடியாக இதயத்தைத் தாக்கும் பாதை. இன்னொரு பாதை பழக்கங்கள் வழியாகப் போகிறது. என் பார்வையில் இந்தக் கரையில் அதிகம் பேரைச் சாய்ப்பது இந்த இரண்டாவது பாதைதான்.

வலை இழுத்து முடித்ததும் ஒரு பீடி. அந்த மூன்று நிமிடம்தான் அன்றைய ஓய்வு. "டென்ஷனைக் குறைக்கத்தான் குடிக்கிறேன்" என்பது பொய்யில்லை, ஆனால் முழுக்க உண்மையும் இல்லை. கடைசிப் பீடியின் நிகோட்டின் இறங்கும்போது வருகிற எரிச்சலை அடுத்த பீடி தணிக்கிறது. அவ்வளவுதான் கணக்கு. புகையை விட்டவர்களின் பதற்றமும் சோர்வும் சில வாரங்களுக்குப் பிறகு குறைந்ததாகவே ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பீடியில் இருப்பது கொஞ்சம் தூள்தானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்ற பேச்சும் உண்டு. இன்டர்ஹார்ட் அதையும் பார்த்தது. பீடி மட்டும் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. வெற்றிலையில் வைத்து மெல்லும் புகையிலைக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

உப்பை நான் தனியாக எழுத நினைத்திருந்தேன். காற்றிலும் உப்பு, கிணற்றிலும் உப்பு என்று இருக்கிற ஊரில், நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் படித்தால் சிரிப்புதான் வரும். தடைக்காலத்தில் பச்சை மீனுக்குப் பணம் இல்லாத வீட்டில் கருவாடுதான் குழம்பு. வெந்நீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்து அலசினால் உப்பு ஓரளவு இறங்கும் என்பதோடு இதை விட்டுவிடுகிறேன். பணம் இல்லாதவனிடம் உணவுப் பட்டியல் நீட்டுவது எனக்குச் சங்கடம்.

நடைப்பயிற்சிக் கதை வேறு மாதிரி. "கடல்ல நாள் முழுக்க மாடா உழைக்கிறவனுக்கு வாக்கிங் எதுக்கு?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி என்றே நானும் நினைத்தேன். ஆனால் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021ல் வெளியிட்டதில், ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களுக்கு இதய ஆபத்து குறைந்தது. வேலையில் பாரம் தூக்கி உழைப்பவர்களுக்குக் குறையவில்லை, கூடவே செய்தது. காரணம் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. பாரம் இழுக்கும்போது மணிக்கணக்கில் அழுத்தம் ஏறியே நிற்கிறது, இடையில் ஓய்வு இல்லை, வேகத்தை நாம் தீர்மானிப்பதில்லை என்பது ஒரு விளக்கம். அந்த வேலையைச் செய்பவர்களுக்கு வறுமையும் புகையும் அதிகம் என்பது எதிர்வாதம். எப்படியானாலும், கடலில் இழுத்த வலையைச் சாயங்காலம் பாம்பன் ரோட்டில் நடக்கிற நடையாகக் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

இதய நலத்துக்கு அவசியமானவை என்று அமெரிக்க இதயச் சங்கம் வைத்திருக்கும் பட்டியலில் தூக்கம் 2022ல்தான் எட்டாவதாகச் சேர்ந்தது. அதுவரை ஏழுதான். இரவில் கடல், பகலில் ஏலக்கூடம், மத்தியானம் வெயிலில் இரண்டு மணி நேரம் கண்ணயர்வது என்று வாழ்கிற ஒருவர், தூக்கம் வர ஒரு குவார்ட்டரைத் துணைக்குக் கூப்பிடுகிறார். குடித்தால் சீக்கிரம் கண் சொக்கும், பின்னிரவில் விழிப்பும் வந்துவிடும். விழித்தால் பீடி.

கீழக்கரை, ஏர்வாடி பக்கம் இதே விஷயம் வேறு உருவத்தில் இருக்கிறது. அங்கே ஆண்கள் கடல் கடந்து சவூதிக்கும் துபாய்க்கும் போனவர்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், ராத்திரிப் பரோட்டா, ஊரிலிருந்து வருகிற போன் எல்லாம் பணத்தைப் பற்றி. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் சேர்ந்து சொன்ன கணக்கின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்கள் இதய நோயால் சாகும் வாய்ப்பு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 17 சதவீதம் அதிகம்.

இங்கே ஒன்றை எதிர்த்திசையிலும் சொல்லியாக வேண்டும். "எல்லாம் டென்ஷன்தான்" என்று சொல்லித் தப்பிக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. கொழுப்பு 260, சர்க்கரை 300, நாளைக்கு ஒரு கட்டுப் பீடி, இத்தனையும் இருக்கும். காரணம் கேட்டால் மகளின் கல்யாணக் கவலை என்பார்கள். மனச்சோர்வைக் குணப்படுத்திவிட்டால் இதயம் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கும் சான்று பலமாக இல்லை. மாரடைப்பு வந்து மனச்சோர்வில் இருந்தவர்களுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு 2003ல் வெளியானது. மனம் தேறியது, ஆனால் மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை. மன அமைதிக்கு நாலு மூச்சுப் பயிற்சி சொல்லிவிட்டு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லலாம்.

அப்புறம் எதற்கு மனசைக் கேட்க வேண்டும்? பிஸ்கட் டப்பாதான் பதில். மாரடைப்புக்குப் பிறகு ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. வந்தவர்கள் மாத்திரையை நிறுத்துகிறார்கள், செக்கப்புக்குப் போகாமல் இருக்கிறார்கள், விட்ட பீடியை மறுபடி எடுக்கிறார்கள். 1993ல் கனடாவின் மான்ட்ரியாலில் மாரடைப்பு நோயாளிகள் 222 பேரைக் கவனித்தார்கள். மனச்சோர்வு இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, நோயின் தீவிரத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் நான்கு மடங்கு. சிறிய ஆய்வுதான், ஆனால் பின்னால் வந்த பல ஆய்வுகளும் அதே பக்கம்தான் கை காட்டின. அமெரிக்க இதயச் சங்கம் 2008லேயே இதய நோயாளிகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள் என்று சொல்லிவிட்டது. கடந்த இரண்டு வாரத்தில் எதைச் செய்யவும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? கேட்டு முடிக்க ஒரு நிமிடம் ஆகாது.

அந்த ஒரு நிமிடம் நம் கரையில் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. மனநல டாக்டரைப் பார்க்கலாமா என்று சித்தி மெதுவாகக் கேட்டபோது சித்தப்பா கத்தினார்: "என்னை ஏர்வாடிக்கு அனுப்பப் பார்க்குறியா?"

ஏர்வாடி எங்கள் மாவட்டத்து ஊர். தர்காவுக்கு நூற்றாண்டுகளாக எல்லா மதத்தவரும் வருகிறார்கள், மனம் பிசகியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அந்தக் கூட்டத்தை நம்பி ஓலைக்கொட்டகைக் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளி யாரையும் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்றது. தர்காவிலேயே துவாவோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு மருத்துவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் ராமநாதபுரத்துக்காரன் காதில் மனநோய் என்ற சொல் விழுந்தால் இன்றைக்கும் சங்கிலிச் சத்தம்தான் கேட்கிறது. தூக்கம் வரவில்லை, எதிலும் நாட்டமில்லை என்று சொன்னால் தன்னையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுவார்கள் என்று பயம். அதனால் "நெஞ்சு பாரமா இருக்கு" என்று மட்டும் சொல்கிறார்கள். டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, வாயுதான் என்று அனுப்பிவிடுகிறார்.

இதன் மறுபக்கமும் ஆபத்தானது. உண்மையான மாரடைப்பை வாயு என்றும் மனப்பதற்றம் என்றும் நினைத்து சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் இங்கே உண்டு. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சு வாங்கல், வியர்வை, தாடை வலி, அசதி என்று வரலாம். இரண்டையும் வீட்டில் வைத்துப் பிரித்துப் பார்க்க முடியாது, முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலே போதும் என்றும் இருக்க முடியாது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு 170 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்து அடைப்பைத் திறக்குமிடம் போய்ச்சேர முடியாது என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட வேண்டும் என்பதுதான் மருத்துவ விதி. 2023ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளின் முதல் டோஸ் கொடுத்து 108ல் ஏற்றுகிறார்கள். மதுரைக்கே போய்விடலாம் என்று கார் தேடுவதில் போகிற அரை மணி நேரம், இதயத் தசையில் போகிற அரை மணி நேரம்.

மாத்திரை விஷயம் கடைசியில் வெளியே வந்தது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணால்தான். சித்திக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க வந்தவர். சித்தி டப்பாவைத் திறந்து காட்டினார். அந்தப் பெண் சித்தப்பாவைத் திட்டவில்லை. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, ராத்திரி தூங்குறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவர் சொன்னார்: "ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும்மா. அதுக்கப்புறம் விடியுற வரைக்கும் படகுதான் கண்ணுல."

14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும், பைசா செலவில்லை என்று அந்தப் பெண் எண்ணை எழுதிக் கொடுத்தார். சித்தப்பா போன் செய்யவில்லை. இரண்டு வாரம் கழித்து, இதய செக்கப் என்று சொல்லிச் சித்தி அவரை ராமநாதபுரம் கூட்டிப்போனார். இதய டாக்டர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டு மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். பழைய வகை மனச்சோர்வு மருந்துகள் சில இதயத் துடிப்பைக் குழப்பும் என்பதால், இதய நோயாளிகளிடம் சோதித்துப் பாதுகாப்பானது என்று 2002லேயே கண்ட செர்ட்ராலினைக் குறைந்த அளவில் கொடுத்தார்கள். வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

படகு இன்னும் வரவில்லை. கடனும் அப்படியேதான் இருக்கிறது. பிஸ்கட் டப்பாவில் மட்டும் இப்போது ஒரு பட்டை கூடுதலாக இருக்கிறது, மற்றதைப் போலவே பாதி பிரித்தபடி. வீட்டுக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து இது என்ன மாத்திரை என்று கேட்டால், "எல்லாம் ஹார்ட் மாத்திரைதான்" என்று சொல்லி மூடியைப் போடுகிறார் சித்தப்பா.